அரசனுக்குச் சொன்னது முதலாளிக்கு: ஏலமலை அடிவாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் ஏலக்காய் வாங்கி, தரம் பிரித்து, விற்பது எங்கள் தொழில். மேலே, கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் சின்னத் தோட்டமும், காய் உலர்த்துகிற ஸ்டோரும் உண்டு. வாரத்தில் நாலு நாளாவது கம்பம்மெட்டு வழியாக மலை ஏறி இறங்குகிறேன். ஞாயிறு சாயங்காலம் எங்கள் குடோன் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். தோட்டக்காரர்கள், கடைக்காரர்கள், அப்பா தொழிலை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிற இளைஞர்கள். திருக்குறளின் பொருட்பாலை வாசித்து, நம் தொழிலுக்கு அதில் என்ன இருக்கிறது என்று பேசுவோம். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லிவருகிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

ராஜாவுக்குச் சொன்ன புத்தி, நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிற எனக்கு எப்படிப் பொருந்தும்?

நாற்பது வீட்டு அடுப்பு நீங்கள் எடுக்கிற முடிவை நம்பி எரிகிறது. நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்கள் தப்பாகச் சொன்னாலும் பாதிப் பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். பொருட்பால் இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்துத்தான் பேசுகிறது. அதனால்தான் பொருந்துகிறது.

'படைகுடி கூழமைச்சு நட்பரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு' என்பதை எடுத்துக்கொண்டு, படை என்றால் விற்பனை ஆட்கள், அரண் என்றால் பிராண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஜோடி பிடித்துக் காட்டுகிற பேச்சுகளை நானும் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கேட்க நன்றாக இருக்கும், திங்கட்கிழமை காலையில் ஸ்டோருக்குப் போனால் ஒன்றுக்கும் உதவாது.

பொருந்தாத இடமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். குடிமகன் ராஜாவை விட்டுச் சுலபமாகப் போய்விட முடியாது. நம் தோட்டத்துக்கு வருகிற அக்கா நாளைக்கே வேறு தோட்டத்து ஜீப்பில் ஏறிவிடலாம். ராஜா சொன்னதுதான் சட்டம், நமக்கு மேலேயோ சட்டம் இருக்கிறது. 'நான்தான் இங்கே ராஜா' என்று நினைப்பதற்காக இதைப் படிக்கிறவர் படிக்காமலே இருக்கலாம்.

1,330 குறளையும் படிக்க வேண்டுமா? எங்கே தொடங்குவது?

பொருட்பால் மட்டும் 70 அதிகாரம், 39 முதல் 108 வரை. அதிலும் முதல் 25 அதிகாரம் அரசியல். அங்கிருந்து ஏழை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பெரியாரைத் துணைக்கோடல், தெரிந்து செயல்வகை, வலியறிதல், தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல், செங்கோன்மை, வெருவந்த செய்யாமை. 70 குறள்தான். வாரத்துக்கு ஒரு அதிகாரம் போதும். உரை இல்லாமல் ஒருமுறை, உரையோடு ஒருமுறை வாசியுங்கள்.

தொழிலாளர் கண்ணில் படும்படி குறள் எழுதிப் பலகை மாட்டலாமா?

பல ஸ்டோர்களில் பார்க்கிறேன். காய் பொறுக்குகிற பெண்கள் உட்காரும் இடத்துக்கு எதிரே 'முயற்சி திருவினை ஆக்கும்' என்று பெரிதாக எழுதியிருக்கும். காலையில் நாலு மணிக்கு எழுந்து, சமைத்து வைத்துவிட்டு, ஜீப்பில் நெருக்கியடித்து மலை ஏறி வந்தவர்களுக்கு முயற்சியைப் பற்றி நாம் சொல்லித்தரப் போகிறோமா? அந்தக் குறள் ஆள்வினை உடைமை அதிகாரத்தில், அதாவது அரசியல் பகுதியில் இருக்கிறது. ஆளுகிறவனுக்குச் சொன்னது. மாட்டுவதாக இருந்தால் உங்கள் நாற்காலிக்கு எதிரே மாட்டுங்கள்.

எங்கள் கூட்டத்தில் நான் பிடிவாதமாக நிற்பது இந்த ஒரு விஷயத்தில்தான். பொருட்பாலை மற்றவர்களை வேலை வாங்குகிற உத்தியாக வாசித்தால் பாதிகூடப் புரியாது. நம் கையைக் கட்டுகிற கயிறாக வாசிக்க வேண்டும்.

சரியான ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எல்லோருக்கும் தெரிந்த குறள்தான்: 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்.' இதில் 'இவன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நல்ல ஆளைத் தேடுகிறோம். அதற்கு முன்னால் 'இதனை', 'இதனால்' என்று இரண்டு சொல் இருக்கிறது. எந்த வேலை, எந்தக் கருவியால், எந்த வசதியால் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கப்புறம்தான் ஆள்.

என் அனுபவம் ஒன்று. எங்கள் ஸ்டோரில் காய் உலர்த்துகிற ஒருவர் இருந்தார். ஏலக்காய் உலர்த்துவது லேசான காரியம் இல்லை. அறையின் சூடு 50 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும், ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பார்க்க வேண்டும். சூடு கூடினால் பச்சை போய்விடும், காய் வெடிக்கும். விலையே அந்தப் பச்சையில்தான் இருக்கிறது. அவர் உலர்த்திய காய் ஏலத்தில் தனியாகத் தெரியும். இவ்வளவு நல்ல ஆளை ஒரு அறைக்குள் வைத்திருக்கிறோமே என்று, காய் எடுப்புக்கு அவரைக் கங்காணியாக்கினேன். சம்பளமும் கூட்டினேன். அவருக்குப் பத்துப் பேரோடு பேசி வேலை வாங்க வராது, கோபம் சட்டென்று வரும். மூன்றே மாதத்தில் எடுப்புக்கு ஆள் குறைந்தது, ஸ்டோரில் காயும் கெட்டது. 'எனைவகையான் தேறியக் கண்ணும் வினைவகையான் வேறாகும் மாந்தர் பலர்' என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. எவ்வளவு சோதித்துத் தெளிந்து எடுத்தாலும், வேலை மாறினால் ஆளும் வேறாகிவிடுகிறார். அவரைத் திரும்ப ஸ்டோருக்கே கொண்டுவந்தேன், கூட்டிய சம்பளத்தைக் குறைக்காமல். கெட்டிக்காரருக்குச் சம்பளம் கூட்டுவதற்காக அவர் வேலையை மாற்றத் தேவையில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம், குறையே இல்லாத ஆளைத் தேட வேண்டாம். 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்.' இரண்டையும் எடை போட்டு, எது தூக்கலாக நிற்கிறது என்று பாருங்கள். நாம் தராசு பிடிக்கிறவர்கள், இது நமக்குக் கஷ்டமா?

சொந்தக்காரரை வேலைக்கு வைக்கலாமா?

வேலை தெரிந்தவராக இருந்தால் வைக்கலாம். பாசத்துக்காக, அறிய வேண்டியதை அறியாதவரை நம்பி வைத்தால் 'பேதைமை எல்லாந் தரும்' என்கிறது குறள். ஒரு பேதைமை என்று சொல்லவில்லை, எல்லா வகையும் வரும் என்கிறது.

ஸ்டோரில் சரக்கு குறைகிறது. ஒருவர்மேல் சந்தேகம். உடனே நிறுத்திவிடலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் மேற்கே மலையைக் காட்டுவேன். குமுளிக்கு மேலே, தமிழ்நாடு-கேரள எல்லைக்கோட்டில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள்தான் நம்மை விடுவார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம், பளியன்குடியிலிருந்து நடந்தும் ஏறலாம். ஒவ்வொரு வருஷமும் இவ்வளவு பேர் மூச்சு வாங்க ஏறிப்போகிறோமே, அந்தக் கோயில் எழுந்த கதையே ஒரு விசாரிக்காத தீர்ப்பிலிருந்து பிறந்ததுதான்.

சிலப்பதிகாரத்தில் அந்த இடத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பாண்டியன் கொடுங்கோலன் கிடையாது. பிணங்கிப் போன ராணியைச் சமாதானம் செய்ய அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறான். வாசலில் பொற்கொல்லன் வந்து, ராணியின் சிலம்பைத் திருடியவன் கிடைத்துவிட்டான் என்கிறான். பாண்டியன் நின்றபடியே கோவலனைக் கொல்ல உத்தரவு போட்டுவிடுகிறான். இளங்கோ அவனுக்கு வைக்கிற சொல் 'தேரானாகி'. ஆராயாதவனாகி. பிறகு கண்ணகி சபைக்குள் வந்து கூப்பிடுவதும் 'தேரா மன்னா' என்றுதான். வள்ளுவரும் இதே சொல்லைத்தான் எடுக்கிறார்: 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.' ஆராயாமல் நம்புவதும் தப்பு, ஆராய்ந்து நம்பியவரைச் சந்தேகிப்பதும் தப்பு. செங்கோன்மையிலும் 'தேர்ந்துசெய் வஃதே முறை'. தேர்தல், அதாவது ஆராய்தல், என்ற இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பொருட்பாலில் பாதியைப் பிடித்த மாதிரி.

நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தை மாதம் மேலே எடை போட்டு இறக்கிய 40 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ. பங்குனியில் கம்பம் குடோனில் திரும்ப எடை போட்டால் 23 கிலோ குறைந்தது. குடோன் பார்த்தவர் எங்களிடம் 11 வருஷம் இருந்தவர். 'ராத்திரி பையோடு போனதைப் பார்த்தேன் அண்ணே' என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு அக்கா மகள் கல்யாண வேலையாக நான் வண்டியில் ஏறப்போகிற நேரம். வாசலில் நின்றபடியே, நாலு பேர் பார்க்க, 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வேறொருவர் பொறுப்பில் இருந்த மூட்டைகளும் குறைந்தன. வயதான வியாபாரி ஒருவரிடம் சொன்னபோது, 'சாக்குக்குள்ளே பாலித்தீன் உறை போட்டீங்களா?' என்று மட்டும் கேட்டார். போடவில்லை. மலையில் ஈரக்காற்றில் எடை போட்ட காய், கம்பத்து வெயிலில் இரண்டு மாதம் கிடந்தால் ஈரம் இழக்கத்தானே செய்யும்! நூற்றுக்கு ஒரு கிலோ போல அப்படியே ஆவியாகப் போயிருக்கிறது. பையோடு போனதைப் பார்த்தவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பையில் இருந்தது சாப்பாட்டுத் தூக்கு.

எனவே உடனே நிறுத்த வேண்டாம். முதலில் தராசைப் பாருங்கள், பிறகு சாக்கை, பிறகு கணக்கை. ஆளை அதற்கப்புறம் பாருங்கள். அவர் பக்கத்தை உட்காரவைத்துக் கேளுங்கள். நின்றபடி தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சாணக்கியர் சொன்னபடி ஆட்களைச் சோதித்துப் பார்க்கலாமா? கேமரா வைக்கலாமா?

சாணக்கியரின் அர்த்தசாஸ்திரம் நெடுங்காலம் கைக்குக் கிடைக்காமல் இருந்தது. 1905-ல் மைசூரில் சாமசாஸ்திரி அந்த ஓலைச்சுவடியை அடையாளம் கண்டு, 1909-ல் அச்சில் கொண்டுவந்தார். அறம், பொருள், இன்பம், அச்சம் என்ற நான்கையும் காட்டி, ரகசிய ஆட்களை விட்டு அமைச்சரை மயக்கிப் பார்த்துச் சோதிக்கும் முறை அதில் இருக்கிறது. குறளிலும் 'அறம்பொருள் இன்பம் உயிரச்சம் நான்கின் திறந்தெரிந்து தேறப் படும்' என்று வருகிறது. குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அந்தச் சோதனைகளைத்தான் விளக்கமாக எழுதுகிறார்.

மேஜைமேல் பணத்தை வைத்துவிட்டு மறைந்து நின்று பார்க்கிற முதலாளிகள் இதைத்தான் செய்கிறோம் என்று நினைக்கிறார்கள். செய்யாதீர்கள். முப்பது பேர் முகம் பார்த்துப் பழகுகிற இடத்தில் இது ஒருமுறை தெரிந்துபோனால், அதற்கப்புறம் ஒருவரும் மனம் விட்டு உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள்.

அந்த நூலில் நான் எடுத்துக்கொள்வது வேறு. அதிகாரிகள் பொருளைக் கையாடும் வழிகள் 40 என்று அது வரிசையாகச் சொல்கிறது. தண்ணீருக்குள் போகிற மீன் எப்போது தண்ணீர் குடிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதது போல, பொறுப்பில் இருப்பவர் எடுப்பதையும் கண்டுபிடிக்க முடியாது என்கிறது. அப்படியானால் மீனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்து என்ன பயன்? தண்ணீரை அளந்துவிடலாம். எங்களிடம் எடை போடுகிறவர் ஒருவர், எழுதுகிறவர் இன்னொருவர். மாதம் ஒருமுறை இருவரும் இடம் மாறுவார்கள். வாசலிலும் குடோனிலும் கேமரா உண்டு, எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது. பெண்கள் காய் பொறுக்குகிற இடத்தில் கிடையாது.

இன்னொன்று. ஒற்றன் கொண்டுவந்த சேதியை இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர், 'ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்' என்று. ஒருவர் வந்து காதில் சொன்னதை மட்டும் வைத்து நடந்தால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

எனக்கு எதிராகப் பேசுகிறவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமா?

கட்டாயம். 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்.' எதிரியே வேண்டாம், தானாகவே கெடுவான். ஆனால் அது வாய்ச்சொல்லாக நின்றுவிடக் கூடாது. 'என்னிடம் எதையும் சொல்லலாம்' என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, சொன்னவரைப் பார்த்து முகம் சுருங்கினால் அவ்வளவுதான், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். 'செவிகைப்பச் சொற்பொறுக்கும்' என்பதில் கைப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். காதே கசக்கும். கசக்கும்போது பொறுப்பதற்குத்தான் பண்பு என்று பெயர் வைக்கிறார்.

எங்கள் கணக்குப் பிள்ளை அப்பா காலத்து ஆள். வாரம் ஒருநாள் அரைமணி நேரம், நான் பேசக் கூடாது, அவர் பேசலாம் என்று வைத்திருக்கிறேன். மறுமொழி மறுநாள்தான் சொல்வேன்.

அன்பாக இருந்தால் ஏறி மிதிக்கிறார்கள், கண்டிப்பாக இருந்தால் வேலையை விட்டுப் போகிறார்கள். என்ன செய்வது?

'கடிதோச்சி மெல்ல எறிக.' கோலை ஓங்கும்போது வேகமாக ஓங்கு, அடி மெல்ல விழட்டும். விதி கறாராக இருக்கட்டும், முதல்முறை தப்புச் செய்த ஆளுக்கு விழுகிற தண்டனை சின்னதாக இருக்கட்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆறு மாதம் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு, ஏழாவது மாதம் ஒரே நாளில் வெடிக்கிறோம்.

ஆளுக்கு ஆள் விதி மாறவும் கூடாது. இங்கே தமிழ் ஆளும் உண்டு, மலையாளச் சேட்டன்மாரும் உண்டு. தமிழ் முதலாளி தமிழருக்கு ஒரு மாதிரி, மற்றவருக்கு ஒரு மாதிரி என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் அடக்க முடியாது. 'யார்மாட்டும்', அதாவது யாரிடத்திலும், என்று குறள் சொல்வதில் விதிவிலக்கு கிடையாது.

விலை ஏறும்போது கடன் வாங்கி விரிவாக்கலாமா?

2019 ஆகஸ்டில் புத்தடியில் நடக்கிற ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் இங்கே நிலம் குத்தகைக்கு எடுத்தவர்கள், புது ஸ்டோர் கட்டியவர்கள், வண்டி வாங்கியவர்கள் ஏராளம். 2022-ல் ஆயிரத்துக்குக் கீழே வந்தது. தவணை மட்டும் குறையவே இல்லை.

'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்.' வரப்போகிற லாபத்துக்காக இருக்கிற முதலைப் பணயம் வைக்காதே என்கிறது. வலியறிதலில் 'ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை' என்கிறார். பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைகிற கம்பம் பள்ளத்தாக்குக்காரருக்கு இதற்கு உரையே வேண்டாம். வருகிற வாய்க்கால் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, போகிற மடை அகலமாகக் கூடாது. விலை ஏறும்போது நாம் அகலமாக்குவது அந்த மடையைத்தான். கூட்டிய வாடகை, கூட்டிய வட்டி, வீட்டுச் செலவு எல்லாம் அந்த வழியாகப் போகிறது.

அதே அதிகாரத்தில் மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும் என்று இருக்கிறது. மெட்டு ரோட்டில் அளவுக்கு மேல் ஆளை ஏற்றிக்கொண்டு திணறி ஏறுகிற ஜீப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறள்தான் மனதில் வரும். ஒவ்வொருவராகப் பார்த்தால் 'இன்னும் ஒரே ஒருத்தர்தானே' என்றுதான் தோன்றும். ஆட்களை அப்படி ஏற்றி வருவதைப் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிற தோட்டக்காரர் தலைமையைப் பற்றிப் பேசவே கூடாது.

விவசாயியிடம் எவ்வளவு குறைத்து வாங்கலாம்?

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி வாங்குவது பற்றிச் சொன்ன பாட்டு புறநானூற்றில் 184-வது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளம் கவளமாக யானைக்குக் கொடுத்தால், ஒரு மா என்ற பழைய நில அளவுக்கும் குறைந்த நிலம்கூடப் பல நாளைக்கு வரும். 'நூறுசெறு வாயினும் தமித்துப்புக் குணினே வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்.' யானை தானே வயலுக்குள் இறங்கினால் தின்பதைவிட மிதிப்பது அதிகம்.

2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பத்துக்குள்ளேயே வந்தபோது தெருவில் ஓடியவர்களுக்கு அந்தக் காலின் கனம் தெரியும். நாம் விவசாயியிடம் கிலோவுக்கு 20 ரூபாய் அடித்து வாங்கும்போது நமக்குக் கிடைப்பது 20 ரூபாய். அவர் அடுத்த எடுப்புக்கு உரத்தைக் குறைப்பார், மருந்தைத் தள்ளிப்போடுவார், பிறகு நமக்கு வருவதே சிறுத்த காய்தான். அவசரத்துக்குப் பணம் வேண்டி வருகிறவரிடம் அன்றைய ஏல விலையைக் காட்டிவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இதனால் சில நாள் சரக்கு கைவிட்டுப் போனது உண்டு. போகட்டும்.

முதலாளி தப்புச் செய்துவிட்டால் மன்னிப்புக் கேட்கலாமா? மரியாதை போய்விடாதா?

கண்ணகி சிலம்பை உடைத்ததும் மாணிக்கப் பரல் தெறிக்கிறது. பாண்டியன் பொற்கொல்லன்மேல் பழியைத் தள்ளவில்லை. 'பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்' என்கிறான். அவ்வளவு பெரிய பிழை செய்தவனை இன்றைக்கும் நாம் மரியாதையோடு நினைப்பது இந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

குடோன்காரர் வீடு கூடலூரில். விஷயம் தெரிந்த அன்றைக்கே போனேன். டீ கொடுத்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகன் என் முகத்தையே பார்க்கவில்லை. இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தபோது, தனக்குச் சேர வேண்டியது என்று வாங்கிக்கொண்டார். வேலைக்குத் திரும்ப வரவில்லை. நாலு பேர் பார்க்கப் பழி சொன்னேன் அல்லவா, அதனால் மறுநாள் காலை ஆட்கள் எல்லோரும் வந்த பிறகு, அதே வாசலில் நின்று, அவர் பெயரைச் சொல்லி, என் தப்பு என்ன என்று விளக்கமாகச் சொன்னேன். எனக்கு மரியாதை போனதா என்பது அவர்களைக் கேட்டால்தான் தெரியும். அன்றிலிருந்து எங்கள் எடை நோட்டில் 'ஈரம் போன எடை' என்று ஒரு பத்தி தனியாக இருக்கிறது. மூட்டை மலையிலிருந்து இறங்கிய தேதியும், உறை போட்டதா இல்லையா என்பதும் அதற்குப் பக்கத்திலேயே எழுதப்படுகிறது.